திருகோணமலையிலிருந்து ரிவஸ்டன் மலைவீதி: வாகனத்தில் போய்த் திரும்ப முழுமையான வழிகாட்டி

மாத்தளைக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடரில் இருக்கும் ரிவஸ்டன் கணவாய்க்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது வளைவுகளைப் பற்றித்தான். வளைவுகளை நிதானமாக ஓட்டினால் கடந்துவிடலாம். திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு உண்மையான சிக்கல் நேரம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானைக்காடு. அதைப் போகும்போதும் இருட்டில் கடக்கக் கூடாது, வரும்போதும் கூடாது. மலையிலோ பகல் பன்னிரண்டு தாண்டினால் மூடுபனி எந்த நேரமும் இறங்கலாம். ஆகவே காட்டுக்கு வெளிச்சம், மலைக்குக் காலை என்று நாளை இரண்டாகப் பிரித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பாதை இதுதான். திருகோணமலையிலிருந்து தம்பலகாமம், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை ஏ6. தம்புள்ளையிலிருந்து நாவுல, மாத்தளை வரை ஏ9. மாத்தளையில் கிழக்கே திரும்பி இரத்தோட்டை, அங்கிருந்து ரிவஸ்டன் கணவாய் ஏறி, பிட்டவல பத்தனைப் புல்வெளி, இலுக்கும்புர வழியாக லக்கல பக்கம் இறங்கி, மொரகஹகந்த நீர்த்தேக்கத்தை ஒட்டி நாவுலவில் மீண்டும் ஏ9 வீதியைப் பிடிப்பது. ஹபரணை வரை சுமார் 85 கிலோமீற்றர், தம்புள்ளைக்கு இன்னும் 24, மாத்தளைக்கு 46, ரிவஸ்டனுக்கு மேலும் 30 அளவில். முழுச் சுற்றும் 350 கிலோமீற்றரைத் தாண்டும். ஒரே நாளில் முடியும், ஆனால் இளைப்பாற நேரம் இருக்காது. குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் முதல் நாள் மதியம் கிளம்பி மாத்தளையில் தங்கி, மறுநாள் காலை ஏழுக்கு மலையேறுவதே நல்லது. ஒரு இரவு அறை வாடகை போனால் போகட்டும்.

சிலர் இதை மறுபக்கமாக, நாவுலவில் திரும்பி லக்கலவிலிருந்து ஏறி இரத்தோட்டைக்கு இறங்குவார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு அது வேண்டாம். இரத்தோட்டைப் பக்கம் ஊரும் கராஜும் கடையும் பக்கத்திலேயே இருக்கின்றன; ஏறும்போது வாகனம் ஏதாவது முரண்டு பிடித்தால் திரும்பி வந்துவிடலாம். லக்கல பக்கமாக ஏறினால் நடுவழியில்தான் தெரியவரும், உதவி இரண்டு பக்கமும் தூரம் என்று.

எந்த மாதம், எந்த நாள்

நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டு பருவக்காற்றுக்கும் குறுக்கே நிற்கிறது. நமக்கு வாடைக்காற்று மழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை, அதே மழை இந்த மலையின் கிழக்குச் சரிவையும் அடிக்கும். இலுக்கும்புர, லக்கல பக்கம் மண்சரிவு வருவது பெரும்பாலும் அப்போதுதான். கச்சான் காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கிழக்குச் சரிவு காய்ந்து தெளிவாக இருக்கும். ஆனால் ரிவஸ்டன் கணவாயில் காற்று கார்க் கதவைக் கையிலிருந்து பிடுங்கும். அங்கே மரங்கள் எல்லாம் குட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்திருப்பதே அந்தக் காற்றால்தான். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இந்த மாதங்களில் கணவாயை மெதுவாகக் கடக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று வளைவின் வெளிப்புறம் தள்ளும்.

பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரை மிகச் சிறந்த காலம். ஏப்ரலில் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இடியுடன் மழை. ஒக்டோபரும் அப்படித்தான், கொஞ்சம் மோசமாக.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு மாவட்டங்களில், மாத்தளை உட்பட, பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. அப்படியான ஒரு பருவத்துக்குப் பிறகு, வெயில் அடித்தாலும் சரிவுகள் உறுதியாகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போவதற்கு முதல் நாள் மாலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அது பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரத்தோட்டை, லக்கல-பல்லேகம, நாவுல. மஞ்சள் நிற எச்சரிக்கை இருந்தால் மழை நின்றபின் பகலில் மட்டும். அதற்கு மேல் எந்த நிறமாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

போயா நாளையும் நீண்ட வார இறுதியையும் தவிர்த்தால் பாதி தொல்லை குறையும். குறுகிய வீதியில் எதிரே நாற்பது வாகனம் வந்தால் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் பின்னுக்கு எடுப்பதிலேயே நேரம் போகும். மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் பஞ்சரத பவனி நடக்கும். ஐந்து தேரும் நகர வீதியில் வரும் நாளில் மாத்தளையைக் கடப்பதை மறந்துவிடலாம். தேர் பார்க்கவே போகிறீர்கள் என்றால் வேறு கதை.

வாகனம்: கடற்கரை ஊர் வாகனத்தில் பார்க்க வேண்டியவை

நம் ஊரில் ஓடும் வாகனங்களுக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, கடற்காற்றின் உப்பு. இரண்டு, சமதரையிலேயே ஓடுவதால் பிரேக்கின் பலவீனம் வெளியே தெரிவதில்லை. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் ஓடித் திரியும் காரில் பிரேக் அரைவாசி வேலை செய்தாலும் யாருக்கும் தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கராஜுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் கொண்டுபோனால் சாமான் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பார்க்க வேண்டியவை:

பிரேக் பேட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். கலிப்பர் பின்கள் உப்பால் இறுகி இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இறுகி இருந்தால் ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேயும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சமதரையில் இது சின்ன எரிச்சல், ஈரமான வளைவில் விபத்து. வண்டிக்கு அடியில் போகும் இரும்புப் பிரேக் குழாய்களில் துரு செதில் செதிலாக உரிகிறதா, ஹேன்ட் பிரேக் கேபிள் விட்டதும் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் எண்ணெயைப் பலர் தொடுவதே இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 (DOT 3) வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு வந்துவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக் அந்தச் சூட்டை எட்டும். எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடமாக மாற்றாத எண்ணெய் என்றால் மாற்றிவிட்டே போங்கள். இந்தப் பயணத்துக்காக ஒரே ஒரு வேலைதான் செய்யப் பணம் இருக்கிறது என்றாலும் இதைத்தான் செய்ய வேண்டும்.

டயர் தவாளிப்பு சட்டப்படி எவ்வளவு இருந்தால் போதும் என்று பார்க்காதீர்கள். ஈரமான மலைவீதிக்கு 3 மில்லிமீற்றர் வேண்டும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். மலைக்குப் போவதால் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது மணல் வழிக்கான யோசனை, இங்கே பொருந்தாது. நம் ஊர் வெயிலில் வைப்பர் ரப்பர் கட்டையாகிவிடும். கண்ணாடியில் தண்ணீர் விட்டு ஓடவிட்டால் கோடு விழுகிறதா என்று தெரியும், விழுந்தால் மாற்றுங்கள்.

வண்டி வகைக்கு ஏற்பவும் கவனம் மாறும். வெகன்ஆர், அல்டோ போன்ற சின்னக் கார்களில் நான்கு பேர், பை மூட்டையோடு ஏறலாம், ஆனால் ஏசியை நிறுத்த வேண்டிவரும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பின் இருக்கைப் பக்கம் பற்றரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்கும். அதன்மேல் பையோ போர்வையோ போட்டு மூடினால் ஏற்றத்தில் பற்றரி சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். போவதற்கு முன் அந்தத் துவாரத்தின் வலையைத் தூசி தட்டிவிடுங்கள். இரட்டைக் கிளச் கியர்பெட்டி உள்ள ஹைபிரிட்களை ஏற்றத்தில் எக்சிலரேட்டரால் தாங்கிப் பிடித்து ஊரவிடக் கூடாது, கிளச் சூடேறும். நின்றால் பிரேக்கை மிதித்து முழுதாக நில்லுங்கள், முன்னால் இடைவெளி வந்ததும் ஒரேயடியாக எடுங்கள். கேடிஎச் வேனில் பத்துப் பேர் என்றால் இறக்கத்தில் சாரதிக்கு அனுபவம் அவசியம். ஆட்டோவில் இந்தச் சுற்று வேண்டாம்.

வண்டியில் இருக்க வேண்டிய சாமான்: காற்று உள்ள மேலதிக டயர், ஜக், சக்கரத்துக்கு அடைகொடுக்க இரண்டு மரக்கட்டை, இழுக்கும் கயிறு, டோர்ச், ஐந்து லீற்றர் தண்ணீர், ஒரு போத்தல் கூலன்ட், பற்றரி கேபிள், ஆளுக்கொரு சுவெட்டர். திருகோணமலையில் 33 பாகை அடிக்கும் பகலில் ரிவஸ்டனில் 24, 25 தான் இருக்கும், காற்றோடு சேர்த்தால் இன்னும் குளிரும். ஈரமான நாளில் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும்.

கிளம்பும் நேரமும் யானைக்காடும்

அதிகாலை ஐந்துக்கு வீட்டை விடுங்கள். அதற்கு முன் வேண்டாம். நான்குக்கே கிளம்பினால் வேளைக்குப் போகலாம் என்று தோன்றும், ஆனால் காட்டை இருட்டில் கடக்க நேரும். ஐந்துக்குக் கிளம்பினால் ஆறுக்குச் சற்று முன் கந்தளாய். அங்கே ஒரு பிளேன்டீ குடித்து, ஆட்களின் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்தபின் அக்போபுர தாண்டுங்கள். அக்போபுர, கல்ஓயா, ஹபரணை வரை வீதியின் இரண்டு பக்கமும் கவுடுல்லை, ஹுருலு காடுகள். 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தது இந்தக் காட்டில்தான். ரயில் பாதையைக் கடக்கும் கூட்டம் வீதியையும் கடக்கும்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை குளங்கள் வற்றப் புல் முளைக்கும், கூட்டங்கள் மின்னேரியா, கவுடுல்லைக் குளங்களுக்கு வரும். மழைக்காலத்தில் குளம் நிறைந்தால் ஹுருலு பக்கம் ஒதுங்கும். ஆக வருடம் முழுக்க ஏதாவது ஒரு கூட்டம் இந்த வீதியைக் கடந்துகொண்டுதான் இருக்கும்.

யானை வீதியில் நின்றால்: நூறு மீற்றர் தூரத்தில் நில்லுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். ஹோண் அடிக்க வேண்டாம், லைட்டை ஏற்றி இறக்க வேண்டாம், கண்ணாடியை மூடுங்கள். முன்னால் நிற்கும் வாகனத்துக்குப் பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். அவர் பின்னுக்கு எடுக்க நேர்ந்தால் உங்களுக்கும் இடம் வேண்டும். யானை உங்களை நோக்கி வந்தால் நேராகப் பின்னுக்கு எடுங்கள். நடுவீதியில் வண்டியைத் திருப்ப முயன்றால் பக்கவாட்டாக நிற்கும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு யானை கடந்து போனதும் உடனே எடுக்காதீர்கள்: பின்னால் குட்டியும் தாயும் பற்றைக்குள் நிற்கும். கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவே வாகனம் புகுவதைப் போல ஆபத்து வேறில்லை.

வீதியோரம் தனியாக நிற்கும் ஆண் யானைக்கு வாழைப்பழம், சோளம் எறியும் பழக்கத்தை யாராவது தொடங்கினால் வண்டியிலிருந்தே தடுத்துவிடுங்கள். எறிந்து பழக்கினால் அது வாகனத்தை மறித்துத் தும்பிக்கையை உள்ளே விடப் பழகும். சாப்பாட்டுப் பார்சல், பழம் எல்லாம் டிக்கியில் இருக்கட்டும், மடியில் வேண்டாம்.

ஹபரணையிலிருந்து தம்புள்ளை அரைமணி. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் முன்னால் காலையில் மரக்கறி லொறிகள் வீதியிலேயே திரும்பும், பொறுமை வேண்டும். நாவுல தாண்டும்போது வாந்தி வரக்கூடியவர்களுக்கு மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். வளைவு தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை. அந்த மாத்திரை நித்திரையைக் கொண்டுவரும், சாரதி தொடக் கூடாது.

இரத்தோட்டை: கடைசித் தீர்மானம் எடுக்கும் இடம்

மாத்தளையில் எண்ணெயை முழுதாக நிரப்புங்கள். இரத்தோட்டை தாண்டியபின் எண்ணெய் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. மாத்தளையில் காலைச் சாப்பாட்டுக்கு நம் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், இரண்டு இடியப்பம் போதும். மதியத்துக்குப் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள்.

இரத்தோட்டையில் நின்று மூன்று விடயம் செய்ய வேண்டும். கைபேசியில் வரைபடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், மேலே பல இடத்தில் சிக்னல் இல்லை. பிரேக்கை நின்ற இடத்தில் அழுத்திப் பாருங்கள், பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். மூன்றாவது, மேலேயிருந்து இறங்கி வந்த பஸ் சாரதியிடமோ ஆட்டோக்காரரிடமோ வீதியை விசாரியுங்கள். இந்தப் பக்கத் தோட்டங்களில் தமிழர்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே கேட்கலாம். இலுக்கும்புர, லக்கல பக்கம் சிங்களம்தான்: "இஸ்ஸரஹ பார ஹொந்தத?" என்றால் முன்னால் வீதி நல்லதா என்று கேட்பது. எந்தச் செயலியையும் விட இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

செயலி சில நேரம் குறுக்குவழி என்று தோட்டப் பாதைகளைக் காட்டும். தேயிலைக்கு நடுவே இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கொங்கிறீற் போட்ட பாதை அது. எதிரே டிராக்டர் வந்தால் பின்னுக்கு எடுக்க இடமிராது. பஸ் போகும் வீதியை விட்டு விலகாதீர்கள்.

காலை பத்தரைக்குள் இரத்தோட்டையை விட்டுக் கிளம்ப முடியாவிட்டால் முழுச் சுற்றையும் கைவிடுங்கள். ரிவஸ்டன் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.

ஏற்றம்

மனுவல் வண்டியில் இரண்டாம் கியர்தான் பெரும்பாலும். எஞ்சின் முனகத் தொடங்கும் முன்பே கியரை இறக்குங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் இறக்கினால் வேகம் செத்து வண்டி நின்றுவிடும். ஓட்டோ கியர் என்றால் டியில் விட்டு அது மேலும் கீழும் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிராமல் எஸ் அல்லது 2 போடுங்கள்.

வெப்பமானி வழக்கத்தை விட ஏறினால் ஏசியை நிறுத்திச் சூட்டுக்காற்றைத் திறந்துவிடுங்கள், வேர்க்கும், ஆனால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை அது எடுத்துவிடும். இன்னும் ஏறினால் அகலமான இடத்தில் நின்று, எஞ்சினை ஓடவிட்டு, பொனட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் ஏராளம். அரைமணி பொறுத்து, தடித்த துணி போட்டுத் திறங்கள்.

இந்த வீதியில் அடிக்கடி நடக்கும் சேதம் பள்ளத்தில் விழுவதல்ல, கானுக்குள் சக்கரம் இறங்குவதுதான். மலைப்பக்கம் வீதியை ஒட்டி ஆழமான கான் போகும், மேலே புல் மூடியிருக்கும். எதிரே வாகனம் வந்ததும் பள்ளத்துக்குப் பயந்து மலைப்பக்கம் ஒதுங்குவார்கள், இடது சக்கரம் இரண்டும் கானுக்குள். அடிப்பகுதி கல்லில் உட்கார்ந்துவிட்டால் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கினால்தான் உண்டு. ஆகவே ஒதுங்கும் முன் பக்கத்தில் இருப்பவர் இறங்கி விளிம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடிகளை மடியுங்கள். ஏறுகிற வாகனத்துக்கே முதல் வழி என்பது மலைவீதி மரபு. ஆனாலும் எதிரே பஸ் வந்தால் யாருக்கு முதல் வழி என்று விவாதிக்காமல் சின்ன வண்டிதான் பின்னுக்கு எடுக்க வேண்டும். வளைவின் முழு அகலமும் பஸ்ஸுக்குத் தேவை. ஹோண் சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். நீங்களும் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் இரண்டு சின்ன ஹோண் கொடுங்கள், பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பதில் வருகிறதா என்று கேளுங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறினால் இது நடக்காது.

கணவாயில் மூடுபனி

பனி இறங்கினால் லைட்டைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடும்போது நான்கு சிக்னலையும் போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதைப் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்றும் தெரியாது, ஓடுகிறீர்களா நிற்கிறீர்களா என்றும் தெரியாது. நின்றால் மட்டும் போடுங்கள்.

பலர் வெளியே பனி என்று நினைப்பது கண்ணாடியின் உள்ளே படிந்த ஆவி. விரலால் உள்ளே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு தெரிந்தால் உள்ளேதான். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை நிறுத்தி வெளிக்காற்றை எடுக்கவிட்டால் ஓரிரு நிமிடத்தில் தெளியும்.

பத்து மீற்றருக்கு அப்பால் வீதி தெரியவில்லையா, வளைவு இல்லாத அகலமான இடத்தில் நின்றுவிடுங்கள். பனி இருபது நிமிடத்தில் விலகுவதும் உண்டு, மாலைவரை கிடப்பதும் உண்டு. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு விலகாவிட்டால் இரத்தோட்டைக்கே இறங்குங்கள். ஏறிய வழி உங்களுக்கு இப்போது தெரியும், மறுபக்கம் தெரியாது.

பிட்டவல பத்தனை

கணவாய் தாண்டி இறங்கத் தொடங்கியதும் காடு சட்டென்று விலகிப் புல்வெளி திறக்கும். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போகலாம். நடைபாதையின் முடிவில் செங்குத்தான விளிம்பு. குட்டி உலக முடிவு என்று சொல்வார்கள். வேலியை நம்பாதீர்கள், பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள். ஈரமான பாறைப்பரப்பில் கண்ணுக்குத் தப்பும்படி பாறை நிறத்திலேயே ஒரு சின்னத் தவளை ஒட்டிக்கொண்டிருக்கும், இந்த மலைத்தொடரில் மட்டுமே வாழ்வது. பாதையை விட்டு விலகி நடப்பவர்களின் செருப்புக்கு அடியில் போவது அதுதான்.

நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்ட வனம், 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அடுப்பு மூட்டுவது, கூடாரம் அடிப்பது, ட்ரோன் விடுவது எதுவும் அனுமதி இல்லாமல் முடியாது. கச்சான் காலத்தில் புல் காய்ந்திருக்கும், ஒரு சிகரெட் துண்டு போதும் மலை எரிய.

இங்கே பெய்கிற மழை அம்பன் கங்கையில் சேர்ந்து மகாவலியோடு கொட்டியாரக் குடாவுக்கு வருகிறது. எலஹரக் கால்வாயில் திருப்பப்படும் பங்கு மின்னேரியா, கவுடுல்லை வழியாகக் கந்தளாய்க் குளத்துக்கும், அங்கிருந்து தம்பலகாமம் வயல்களுக்கும் போகிறது. பொலித்தீன் எறிகிறவர்கள் அது யாருடைய வாய்க்காலில் போய் அடைக்கும் என்று யோசிக்கலாம்.

இறக்கம்: இங்கேதான் வண்டியைக் கெடுப்பார்கள்

கணவாயிலிருந்து மொரகஹகந்த பக்கம் வரை ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் இறங்குகிறீர்கள். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, ஐம்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதை நான்கு பிரேக் தட்டுகள் மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பாதியையாவது எஞ்சின் வாங்க வேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மனுவலில் இரண்டு, செங்குத்தான வளைவில் ஒன்று. ஓட்டோவில் 2 அல்லது எல். ஹைபிரிட்டில் பி (B). பி போட்டால் எஞ்சின் உறுமும், வண்டி கெட்டுவிட்டதோ என்று பயந்து மீண்டும் டிக்கு மாற்றிவிடுவார்கள். கெடவில்லை. இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் சேமிக்க இடமில்லாமல் எஞ்சினைச் சுழற்றித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும், சத்தம் அதனால்.

கியர் குறைத்தும் வேகம் கூடினால் பிரேக்கை உறுதியாக அழுத்தி, வேகத்தைப் பத்துக் கிலோமீற்றர் குறைத்து, முழுதாகக் காலை எடுங்கள். மீண்டும் கூடும், மீண்டும் அழுத்துங்கள். மெல்லக் காலை வைத்தபடியே இறங்குவதுதான் பிரேக்கை எரிப்பது. ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. நியூட்ரலில் உருளவிடுவதும் எண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பிறகு பெடல் இறுகிப்போகும்.

எரிந்த நாற்றம் வந்தால், அல்லது பெடல் வழக்கத்தை விட ஆழமாகப் போனால், அடுத்த அகலமான இடத்தில் நில்லுங்கள். முதல் கியரில் விட்டு, ஓட்டோ என்றால் பார்க்கில் (P) விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். சூடான பிரேக்கில் ஹேன்ட் பிரேக்கை இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வளைந்துவிடும். அரைமணி நின்றால் தானாக ஆறும். கட்டை இல்லாமல் கல் வைத்திருந்தால் கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரர் அதில் விழுவார்.

வழியில் மண்சரிவுக்கு அடையாளம்: கானில் திடீரென்று சேற்றுத் தண்ணீர், வீதியில் புதிய வெடிப்பு, சரிவிலிருந்து சிறுகற்கள் உதிர்வது, புதிதாகச் சாய்ந்த மரங்கள். இதில் எதைக் கண்டாலும் படம் எடுக்க நிற்காமல் அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள்.

இலுக்கும்புரப் பக்கம் தெல்கமு ஓயாவில் குளிக்க ஆசை வரும். மேலே மலையில் மழை இருட்டியிருந்தால் இறங்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்.

திரும்பும் வழி

லக்கல தாண்டினால் வீதி நிமிரும். மொரகஹகந்தவை ஒட்டிய பகுதியில் வீதி நன்றாக இருப்பதால் வேகம் பிடிப்பார்கள்; இங்கும் யானை உண்டு. எலஹர, பக்கமுன வழியாகக் கிரித்தலைக்குப் போவது குறுக்காகத் தெரியும், ஆனால் பின்னேரத்தில் அந்த வழி முழுக்கக் காட்டோரம். நாவுல, தம்புள்ளை வழியே வாருங்கள்.

கணக்கு இப்படி இருக்க வேண்டும்: நாவுல மூன்றுக்குள், ஹபரணை நான்கரைக்குள், கந்தளாய் ஆறுக்குள். ஹபரணையில் ஐந்தரை தாண்டிவிட்டால் அங்கேயே தங்கிவிடுங்கள், மோட்டார் சைக்கிள் என்றால் ஐந்துக்கே. அவசரத்துக்கு அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சிக்னல் உள்ள இடத்துக்கு ஓடிவந்து அழைக்க ஒருவர், காயம்பட்டவரோடு ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேராவது போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வெறும் வண்டியை ஓட்டி நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் தட்டு வளைந்திருக்கிறது. இரும்பு உரசும் சத்தம் கேட்டால் பேட் முடிந்துவிட்டது. டயரின் பக்கச் சுவரில், முக்கியமாகக் கான் பக்கமிருந்த இடது டயர்களில், வெட்டோ வீக்கமோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். வீங்கியிருந்தால் ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.